இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று

ஸ்டீரியோவில் ஒலிபரப்பும் எந்த நிலையமும், ஒற்றை ஸ்பீக்கர் வைத்த சாதாரண ரேடியோவில் கேட்பவருக்கும் ஒரு சொல் குறையாமல், குழம்பாமல் போய்ச் சேரும்படிதான் ஒலிபரப்ப வேண்டும். விதி இதுதான். நான் வேலைக்குச் சேர்ந்தபோது பயிற்சியின் முதல் வாரத்திலேயே சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். இதற்குத் துணையாக இன்னொரு விதி உண்டு. ஒலிபரப்பு முறையில் மாற்றம் செய்வதென்றால், உரிமம் கொடுத்த அலுவலகத்துக்கு முதலில் எழுதிக் கேட்க வேண்டும். பதில் வரும்வரை பழையபடியே நடத்த வேண்டும். இரண்டும் தெளிவான விதிகள். எடுத்துச் சொல்ல ஆள் இல்லை என்றும் சொல்ல முடியாது, நான் இருந்தேன். அப்படியும் ஆம்பூரில் நடந்தது வேறு.

நான் அரசு வானொலியில் டிரான்ஸ்மிட்டர் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ரேடியோவில் பாடினவர்களையும் பேசினவர்களையும் ஊருக்குத் தெரியும். அவர்கள் குரலை வெளியே அனுப்பினவர்களை மின்வாரியத்துக்கு மட்டும் தெரியும். ஓய்வுக்குப் பிறகு, பெரிய ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில் இருப்பதுதான் நல்லது என்று பிள்ளைகள் முடிவு செய்து என்னை வேலூரில் குடிவைத்தார்கள். உடம்புக்குப் பெரிதாக ஒன்றும் வராததால் ஆஸ்பத்திரியால் எனக்கு ஒரு பயனும் இல்லாமல் போயிற்று. அந்த நிலையில்தான் ஆம்பூரில் ஒரு அறக்கட்டளை நடத்தும் சமுதாய வானொலிக்கு டிரான்ஸ்மிட்டர் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று கேட்டார்கள். சம்பளம் கிடையாது. பஸ் செலவு உண்டு. நான் ஒத்துக்கொண்டேன்.

அறக்கட்டளைப் பள்ளிக்கூடத்தின் மேல்மாடியில் இரண்டு அறைகள்தான் நிலையம். மொட்டை மாடியில் ஒரு கம்பம், அதில் ஆன்டெனா. எதிரொலி வராமல் இருக்க ஸ்டூடியோ சுவர்களில் ஒட்டியிருந்தது, ஷூவுக்கு உள்ளே பாதம் படுகிற இடத்தில் வைக்கும் ஃபோம். எந்தப் புத்தகத்திலும் இப்படிச் செய்யச் சொல்லவில்லை. ஆனால் நான் பார்த்த சில அரசு ஸ்டூடியோக்களைவிட அந்த அறை ஒலிக்கு நன்றாக இருந்தது. டிரான்ஸ்மிட்டர் சின்னது. சிக்னல் ஆம்பூரைச் சுற்றிக் கொஞ்ச தூரம் போகும், பாலாற்றைத் தாண்டிச் சில ஊர்கள் வரை எட்டும், அதன்பின் இரைச்சல்தான்.

நிலையத்தில் பகலெல்லாம் பாட்டும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பேச்சுப் போட்டியுமாக ஓடும். அதை யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. ஆனால் சாயங்காலம் ஷூ கம்பெனிகளில் டீ இடைவேளை விடும்போது ஒரு அரைமணி நேரம் உண்டு. அதை எல்லோரும் கேட்டார்கள். அந்த நேரத்தில் பேசியவர் ஒரு பெண். அதற்கு முன் ஷூ கம்பெனியில் அப்பர் தைத்துக்கொண்டிருந்தவர். அப்பர் என்றால் ஷூவின் மேல்பாகம். கறுப்புத் தோலில் கறுப்பு நூலால் வருஷக்கணக்கில் தைத்து அவருக்குக் கண் மங்கத் தொடங்கியிருந்தது. அந்த வேலையை விட்டுவிடு, இல்லாவிட்டால் இருக்கிற பார்வையும் நிற்காது என்று வேலூரில் டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டில் படிக்கிற மகள் ஒருத்தி, வேறு வருமானம் கிடையாது. கம்பெனிக் கூலியில் பாதிகூட நிலையத்தில் கிடைக்கவில்லை. ஆனால் கண் மிச்சம்.

அந்தச் சம்பளமும் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். கம்பெனிகளின் தையல் ஹால்களில் தூணுக்குத் தூண் பெட்டி ஸ்பீக்கர் மாட்டியிருப்பார்கள். சூப்பர்வைசர் மேஜையில் ஒரு ரேடியோ இருக்கும். டீ நேரத்தில் அதைத் திருப்பினால் ஹால் முழுக்க இந்தப் பெண்ணின் குரல். நூற்றுக்கணக்கான பெண்கள் கேட்கிறார்கள் என்பதால் துணிக்கடைக்காரர், ஸ்வீட் கடைக்காரர், பாத்திரக் கடைக்காரர் விளம்பரம் கொடுத்தார்கள். அந்த விளம்பரக் காசுதான் அவர் சம்பளம். ஹால்கள் கேட்கும்வரை அவருக்குத் தையல் மெஷினில் போய் உட்கார வேண்டியதில்லை. கணக்கு அவ்வளவுதான்.

அவர் அப்பா தோல் மண்டியில் சுமை தூக்கியவர். வளர்ந்தது உருது பேசும் தெருவில். அதனால் அவர் வாயில் இரண்டு மொழியும் ஒன்றாகத்தான் வரும்.

"ஆபா, அக்கா, எல்லாரும் டீய ஆறவுடாம குடிங்க. சாயங்காலம் பேர்ணாம்பட்டு போற கடைசி பஸ்ஸு இன்னிக்கு நை. நைன்னா நைதான். பஸ் ஸ்டாண்டுல போய் நின்னுகினு பேஜாராவாதீங்க. ஷேர் ஆட்டோ புடிங்க, நாலு பேரா போங்க, தனியா போவாதீங்க, சமஜ்கயா?"

பஸ் நேரம், ஆஸ்பத்திரியில் எந்தக் கவுண்டரில் டோக்கன், எந்தத் தெருவில் யார் வீட்டில் சாவு, எந்தக் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள், நடுவில் கேட்டவர்களுக்குப் பாட்டு. சமுதாய வானொலியில் செய்தி வாசிக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. சாவு அறிவிப்பு செய்தியா என்று ஒருநாள் என்னைக் கேட்டார்கள். செத்தவருக்கு அது செய்தி இல்லை என்று பதில் சொன்னேன். அதோடு விட்டுவிட்டார்கள்.

அறக்கட்டளைத் தலைவர் தோல் ஏற்றுமதி செய்பவர். வீட்டில் நல்ல உருது பேசுகிறவர், கவியரங்கங்களுக்கு நன்கொடை கொடுப்பவர். செயலாளர் திருப்பத்தூர்ப் பக்கம் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இருவருமே நல்ல மனிதர்கள், இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. இருவருக்கும் அந்த அரைமணி நேரத்தின் மேல் மனக்குறை இருந்தது.

"அந்தப் பொண்ணு பேசுறது உர்தூவே இல்ல இன்ஜினியர் சார்" என்பார் தலைவர்.

"தமிழும் இல்லைங்க" என்பார் செயலாளர்.

இரண்டும் உண்மை. அதனால்தான் எல்லோருக்கும் புரிந்தது.

இந்த நிலையில் தலைவர் இத்தாலியில் நடந்த தோல் கண்காட்சிக்குப் போனார். அங்கே யாரோ ஒரு ரேடியோக்காரனைப் பிடித்து, நிலையத்துக்கென்று ஒரு ஸ்டீரியோ என்கோடர் வாங்கிவந்தார். இடது, வலது என்று இரண்டு ஒலிகளையும் டிரான்ஸ்மிட்டருக்கு ஏற்ற ஒரே சிக்னலாக்கித் தருகிற பெட்டி அது. தோல் மாதிரிகளுக்கு நடுவே பெட்டியில் வந்ததால் பிரித்ததும் முதலில் வந்தது தோல் வாடை. கூடவே ரசீது இருந்தது, அனுமதிச் சான்று இல்லை. அதற்கு உண்டான கடிதங்களை எழுதி, உரிய இடங்களில் ஒப்புதல் வாங்க எனக்குச் சில மாதங்கள் ஆயின. அந்த ஒப்புதல் ஒழுங்காக வந்தது. நடைமுறை என்பது வேலை செய்யும் என்று நான் நம்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

கத்திரி வெயிலில் அதைப் பொருத்தினேன். அந்த வேலையைப் பற்றி மட்டும் எனக்குக் குறை எதுவும் இல்லை. ஸ்டூடியோ ஒலிகளைக் கலக்கும் மிக்சரிலிருந்து இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று என்று ஒரே நீளத்தில் கேபிள். தரை இணைப்பைச் சரிபார்த்து, இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஏறி இறங்குகிறதா என்று பார்த்து, ஒரு பக்கத்து ஒலி மறுபக்கம் கசியாதபடி திருகி, கடைசியில் பைலட்டை ஏற்றினேன். பைலட் என்பது காதுக்குக் கேட்காத மெல்லிய ஒரு கீச்சொலி. இதில் ஸ்டீரியோ வருகிறது என்று ரேடியோவுக்குத் தெரிவிப்பது அதுதான். தலைவர் காரில் இருந்த ரேடியோவில் ஸ்டீரியோ என்ற எழுத்து எரிந்தது. மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன், கீழே அவர் கார் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு இடது பக்கம் ஒருமுறை, வலது பக்கம் ஒருமுறை தலையைச் சாய்த்துச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுவாரம் கமிட்டிக் கூட்டம் ஸ்டூடியோவிலேயே நடந்தது. செயலாளர் மிக்சரில் பச்சையாக ஏறி இறங்கும் இரண்டு கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது ஏன் ரெண்டா இருக்கு?"

"ஒண்ணு இடது, ஒண்ணு வலது."

"தனித்தனியா?"

"தனித்தனிதான்."

தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்போ வாத்தியாரே, ஒண்ணுல தமிழ் உடலாம், ஒண்ணுல உர்தூ உடலாம்! கிரிக்கெட் மேட்ச்சுக்கு டிவில மொழி மாத்துறான் இல்ல, அந்த மாதிரி."

"கேட்கிறவர்?" என்றார் செயலாளர்.

"கம்பெனில ஒரு காதுலதான் ஹெட்செட் வெக்க உடுவான். எந்த மொழி வேணுமோ அந்தக் காதுல வெச்சிக்கட்டும். முடிஞ்சிது!"

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல தமிழ் ஒரு காது, நல்ல உருது ஒரு காது. யாரும் யாரையும் கெடுக்க வேண்டியதில்லை" என்றார். அந்த இருவரும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனதை அன்றுதான் முதல்தடவையாகப் பார்த்தேன். இருவர் முகத்திலும் இருந்த நிம்மதியைப் பார்த்தால் குறுக்கே பேசவே கூச்சமாக இருந்தது. ஆனாலும் பேசினேன்.

ஸ்டீரியோ என்பது இரண்டு குழாய் அல்ல என்றேன். முதலில் இடதும் வலதும் கூட்டி ஒன்றாக அனுப்பப்படுகிறது. சாதாரண ரேடியோ எடுத்துக்கொள்வது அந்தக் கூட்டலை மட்டும்தான். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தனியாக மேலே ஏறிப் போகிறது. ஸ்டீரியோ ரேடியோ அதையும் எடுத்துப் பிரித்துக் கொடுக்கும். ஆகவே ஒரு பக்கம் தமிழும் ஒரு பக்கம் உருதுவும் வைத்தால் சாதாரண ரேடியோவில் இருவரும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து பேசுவார்கள். ஹால்களில் இருப்பதெல்லாம் அந்தச் சாதாரண ரேடியோதான். சிக்னல் மங்கினால் நல்ல போனே ஸ்டீரியோவை விட்டுவிட்டு இரண்டையும் கலந்து கொடுத்துவிடும்.

"இந்தக் காலத்துல யாரு சார் ரேடியோ வெச்சிருக்கான்? எல்லாம் செல்லு" என்றார் தலைவர்.

"அப்போ விதி?" என்றேன்.

"எழுதிக் கேளுங்க சார்" என்றார் செயலாளர், மிகுந்த மரியாதையோடு. "முறைப்படியே செய்வோம். ஆனா பதில் வர்ற வரைக்கும் சோதனை ஒலிபரப்பு பண்ணலாம்னு ஒண்ணு உண்டில்லையா?"

உண்டு. கருவி பொருத்திய பிறகு சோதனை செய்யலாம் என்று இருக்கிறது. சோதனை எப்போது முடிய வேண்டும் என்று இல்லை.

அந்தப் பெண்ணை உள்ளே அழைத்தார்கள். இனி இடது பக்கம் அவர் தமிழ் மட்டும் பேச வேண்டும், செயலாளர் எழுதித் தருவதைப் பார்த்து. வலது பக்கம் கல்லூரியில் உருது சொல்லித்தரும் ஒருவர் பேசுவார்.

"ஒனக்கு வேல பாதியாயிடுச்சி பேட்டா. சம்பளம் அதே" என்றார் தலைவர்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்து, "வாய் ஒண்ணுதானே முதலாளி. பாதிய மூடிக்கினு எப்படிப் பேசுறது?" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அதை எதிர்ப்பு என்று கூட்டக் குறிப்பில் யாரும் எழுதவில்லை.

ஸ்டூடியோவில் ஹெட்போன் போட்டுக் கேட்டால் அது அற்புதமாகத்தான் இருந்தது. ஒரு காதில் செயலாளரின் சந்தி பிசகாத தமிழ், மறுகாதில் அந்த ஆசிரியரின் அழகான உருது. என் கேபிள் வேலையில் ஒரு பக்கத்து ஒலி மறுபக்கம் துளியும் கசியவில்லை. நான் செய்ததிலேயே மிகச் சுத்தமான ஸ்டீரியோ அது.

நான் ஒரு ஷூ கம்பெனியின் தையல் ஹாலுக்கு அனுமதி வாங்கிக்கொண்டு போனேன். டீ மணி அடித்தது. மெஷின்கள் நின்றன. சூப்பர்வைசர் ரேடியோவைத் திருப்பினார். தூண்களிலிருந்து இரண்டு குரல்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கின. "அன்பார்ந்த" என்று ஒரு குரல் தொடங்கியதன் மேலேயே மறு குரல் வணக்கம் சொல்லியது. பஸ் நேரம் வந்தபோது எந்த ஊர், எத்தனை மணி எதுவும் பிடிபடவில்லை.

டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் ஸ்பீக்கரை நிமிர்ந்து பார்த்தார். "இன்னா சார் இது? எங்க ஊட்ல மாமியாரும் நாத்தனாரும் இப்படித்தான் சேந்து பேசுவாங்க. அதுக்குத் தப்பிச்சிதானே இங்க வர்றோம்?"

பக்கத்தில் இருந்தவர், "அவ எங்க சார்? எங்காளு? தொண்ட கிண்ட கட்டிக்கிச்சா?" என்றார்.

"பேசுறாங்களே, அந்தத் தமிழ்க் குரல் அவங்கதான்" என்றேன்.

"அவளா? யாரோ டீச்சர்னு நெனச்சேன்."

மறுநாளும் அப்படி. அதற்கு அடுத்த நாள் சூப்பர்வைசர் என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க சார். தலவலிக்குதுன்றாங்க. தலவலியோட மெஷின்ல உக்காந்தா ஊசி கைல ஏறிடும். சரியானதும் சொல்லுங்க, மறுபடி போட்டுக்கலாம்." ரேடியோ ஒயரை உருவிவிட்டு ஆம்ப்ளிஃபயரில் ஒரு பென் டிரைவைச் செருகினார். பாட்டு தொடங்கியது. இரண்டு பெண்கள் கூடப் பாடினார்கள். என்னுடைய வேலைக்காலத்தில் எத்தனையோ சாதனங்கள் தற்காலிகமாகக் கழற்றப்பட்டதைப் பார்த்திருக்கிறேன். எதையும் திரும்ப மாட்டிப் பார்த்ததில்லை.

கமிட்டியிடம் சொன்னேன். வருத்தப்பட்டார்கள். பெண்கள் ஹெட்செட் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கம்பெனிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார்கள். வாங்கினவர்கள் வாங்கினார்கள். பிளாட்பாரத்தில் விற்கிற ஹெட்செட்டில் கொஞ்ச நாளில் ஒரு பக்கம் செத்துவிடும். உயிரோடு இருக்கிற பக்கம் எதுவோ அதுதான் அவர்களுக்கு விதிக்கப்பட்ட மொழி. உருது தெரியாத ஒரு பெண் ஒரு வாரம் உருதுவைக் கேட்டுவிட்டு நிலையத்துக்குப் போன் செய்து, ஊரில் ஏதாவது ஆகிவிட்டதா என்று பயந்துபோய்க் கேட்டார். அதுதான் அந்த அரைமணி நேரத்துக்கு வந்த கடைசிப் போன்களில் ஒன்று.

இந்தச் சோதனையை நிறுத்தினால் என்ன என்று கேட்கலாம். நானும் கேட்டேன். தனியாகக் கேட்டபோது தலைவர் ஒத்துக்கொண்டார். "ஆனா நான் மொதல்ல உட்டா அந்த நேரம் முழுக்கத் தமிழாயிடும் சார். எங்காளுங்க என்னை இன்னா சொல்லுவாங்க?" செயலாளரும் தனியாக ஒத்துக்கொண்டார். அவர் விட்டால் முழுக்க உருதுவாகிவிடும். பழையபடி கலந்து பேசவிடலாமே என்றேன். அந்த யோசனை இருவருக்கும் சமமாகப் பிடிக்கவில்லை. யாரும் முதலில் இறங்க முடியாத இடத்தில் இருவரும் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். இறக்கிவிட டெல்லியில் இருக்கிற உரிம அலுவலகத்தால்தான் முடியும்.

"பதில் வரட்டும் சார். நிறுத்துன்னு ஒரு வரி வந்தா அன்னிக்கே நிறுத்திடலாம்" என்றார்கள்.

பதில் என்ன வரும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எப்போது வரும் என்பதில்தான். விதியைக் குறிப்பிட்டு, வரைபடம் இணைத்து, பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பியிருந்தேன். டெல்லிக்குப் போன் செய்தால், எடுத்தவர் மிக மரியாதையாகப் பேசினார். என் கடிதத்தில் தமிழ், உருது என்று இரண்டு மொழிகள் இருந்ததால் தபால் பிரிவில் அதை மொழி சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பிவிட்டார்களாம். அங்கே அதைப் படித்துவிட்டு, இதில் பைலட் என்று வருகிறதே என்று விமானப் போக்குவரத்துக்கு அனுப்பாமல் விட்டதே பெரிய விஷயம். தொழில்நுட்பப் பிரிவுக்குத் திருப்பி அனுப்பச் சொல்லி எழுதினேன். மொழிகளின் பெயரை எடுத்துவிட்டு, "தொடர்பில்லாத இரண்டு நிகழ்ச்சிகள்" என்று மாற்றி மறுபடியும் எழுதினேன். அது புதிய விண்ணப்பமாகப் பதிவாயிற்று. புதிய விண்ணப்பம் வரிசையில் கடைசியில் நிற்கும். அதுவும் விதிதான், அது மட்டும் தவறாமல் அமலாயிற்று.

நான் போவதை நிறுத்தியிருக்கலாம். சம்பளம் வாங்காதவன் ராஜினாமா செய்ய முடியாது, வராமல் இருக்கத்தான் முடியும். நான் வராவிட்டால் டிரான்ஸ்மிட்டர் பக்கம் யாராவது ஸ்பானரோடு போவார்கள். ஆகவே போய்க்கொண்டிருந்தேன். போகும்போதெல்லாம் அந்தப் பெண் கேட்பார்.

"பதில் வந்துச்சா சார்?"

"வரும்மா. விதி தெளிவா இருக்கு."

"தெளிவா இருந்தா எதுக்கு சார் கேக்கணும்?"

இந்தக் கேள்வியை அவர் குத்தலாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

விளம்பரங்கள் ஒவ்வொன்றாக நின்றன. முதலில் ஸ்வீட் கடை. ஹால்களில் யாரும் கேட்பதில்லையே என்றார் கடைக்காரர். பிறகு பாத்திரக் கடை. துணிக்கடைக்காரர் தீபாவளிவரை பார்த்தார், அவரும் விட்டுவிட்டார். ஸ்டூடியோவில் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்த போன் மேஜை மேல் சும்மா கிடந்தது. அந்தப் பெண்ணின் சம்பளத்தை முதலில் தள்ளிக் கொடுத்தார்கள், அப்புறம் பாதியாகக் கொடுத்தார்கள். அறக்கட்டளைப் பணத்தைப் பள்ளிக்கூடத்துக்குத்தான் செலவு செய்ய வேண்டும், வானொலிக்குத் திருப்பக் கூடாது. அந்த விதியைப் பார்த்துச் சொன்னவன் நானே. சரியான விதி.

ஒருநாள் அவர் என் அறை வாசலில் வந்து நின்றார். ஏற்றுமதி சீசன், கம்பெனியில் திங்கட்கிழமை ஆள் எடுக்கிறார்கள் என்றார்.

"டாக்டர் சொன்னது?" என்றேன்.

"டாக்டரு கண்ணுக்குத்தான் சார் சொன்னாரு. வயித்துக்குச் சொல்லல."

அவர் எதிரிலேயே டெல்லிக்குப் போன் போட்டேன். மணி அடித்தது, யாரும் எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுத்தவர், சம்பந்தப்பட்ட அதிகாரி விடுப்பில் இருக்கிறார், கோப்பு அவர் மேஜையில்தான் இருக்கிறது என்றார். நான் பேசிய ஆங்கிலம் புரியாவிட்டாலும் என் முகம் அந்தப் பெண்ணுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

"இருன்னு ஒரு வார்த்த சொல்லுங்க சார், இருக்குறேன். போன்னா போறேன். முதலாளியும் வாத்தியாரும் ஒங்களக் கேக்கச் சொல்றாங்க."

அந்தக் கட்டடத்தில் எந்த அதிகாரமும் இல்லாத ஒரே ஆள் நான். என்னிடம் அனுப்பியிருந்தார்கள். பதில் வந்தால்கூட, விட்டுப்போன ஹால்கள் திரும்பி வராது என்பதை அதற்குள் நான் கண்ணால் பார்த்திருந்தேன். இரு என்று சொல்வதற்கு என்னிடம் ஒரு விதியைத் தவிர ஒன்றும் இல்லை.

"போங்கம்மா" என்றேன்.

அதன்பிறகு இடது பக்கத்தில் செயலாளரே வாசித்தார். சோதனை தொடர்ந்தது.

நடுவில் ஒருமுறை அந்தக் கம்பெனிக்குப் போனேன், ரேடியோவைத் திரும்பப் போடச் சொல்லிக் கேட்கலாம் என்று. போனபிறகு கேட்கத் தோன்றவில்லை. பென் டிரைவ் பாடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் அங்கே ஒரு வரிசையில் உட்கார்ந்து அப்பரை மூக்குக்கு அருகே கொண்டுவந்து தையல் கோட்டைத் தேடிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கையைத் தாழ்த்திச் சாதாரண தூரத்தில் வைத்துக்கொண்டார்.

"கறுப்பு கம்மிதான் சார். பிரவுன்தான் ஜாஸ்தி குடுக்குறாங்க" என்றார்.

அவர் மடியில் இருந்தது கறுப்பு. நான் அதைப் பார்க்காதது மாதிரி, மகள் படிப்பைப் பற்றிக் கேட்டுவிட்டு வந்தேன்.

பொங்கல் முடிந்து, வெயில் ஏறத் தொடங்கிய பிறகு பதில் வந்தது. குறையே சொல்ல முடியாத பதில். என் விண்ணப்பத்தில் நான் சொல்லியிருந்த விதி சரியானது. சாதாரண ரேடியோவில் கேட்பவர் பாதிக்கப்படும்படி இடதிலும் வலதிலும் தொடர்பில்லாத நிகழ்ச்சிகளை ஒலிபரப்பக் கூடாது. அப்படி ஒலிபரப்பினால் உடனே நிறுத்தி, முன்பு இருந்த நிலையையே தொடர வேண்டும். நான் எழுதியிருந்தாலும் இதே சொற்களில்தான் எழுதியிருப்பேன்.

கமிட்டி சொன்ன சொல்லைக் காப்பாற்றியது. அன்றே நிறுத்தினார்கள். தலைவருக்கும் செயலாளருக்கும் இறங்க ஏணி கிடைத்துவிட்டது, ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொள்ளாத குறை. "முன்பு இருந்த நிலையைத் தொடரணும்னு போட்டிருக்கான். அந்தப் பொண்ணையே கூப்பிடுங்க சார். இஷ்டப்படி பேசட்டும்" என்றார் தலைவர்.

"சம்பளம்?" என்றேன்.

"விளம்பரம் வரும்ல சார், மெதுவா."

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அவருக்காகத் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு நகல் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். கம்பெனி விட்டு வருகிற நேரம். கேட்டுக்கு வெளியே, ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிற கூட்டத்திலிருந்து விலகி வந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"நாம சொன்னதுதான் சரின்னு சொல்லிட்டாங்களா சார்?"

"சொல்லிட்டாங்க."

"யாரு கேப்பாங்க சார் இப்போ?" என்றார். கோபம் இல்லை. பென் டிரைவில் பாடின பாட்டுகளையே இவரும் முணுமுணுக்கத் தொடங்கியிருப்பார். "கேக்காத எடத்துல பேசுனா சம்பளம் யாரு குடுப்பா? மெஷினு இருக்குது, போவட்டும். அந்தக் கடுதாசியக் குடுங்க, என்னதான் எழுதியிருக்கான் பாக்கலாம்."

கொடுத்தேன். முகத்துக்கு அருகே கொண்டுபோனார். பிறகு தள்ளிப் பிடித்தார். சாயங்கால வெளிச்சம் நன்றாகவே இருந்தது. எழுத்து ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவுக்கு இருந்தது. இன்னொரு முறை அருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, மடித்த மடிப்பிலேயே மடித்து என் கையில் திருப்பிக் கொடுத்தார்.

"நீங்களே படிங்க சார்."

பிரித்தேன். தபால் வந்தால் பெற்ற நாளை மேலே குறிப்பது என் வழக்கம், நகலிலும் குறித்திருந்தேன். முறைப்படி அங்கிருந்தே தொடங்கினேன்: மார்ச் மாதம் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை.